வெறும் வயிற்றில் ஜீரா

நண்பா,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, அவித்த சுரைக்காயின் மேல் முதலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, அதன் பின்னரே மிளகுத்தூளைத் தூவுவது என்று இன்று முடிவெடுத்திருக்கிறேன். இதுவரை மிளகு முதலில், சாறு பின்னால் என்றிருந்தது. சாறு பட்டதும் தூள் அதோடு வழிந்து டப்பாவின் அடிக்குப் போய்விடுகிறது. இந்த மாற்றத்தின் விளைவுகளைக் காலையில் வீட்டில் விளக்கினேன். என் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

ஆமாம், எனக்கும் கொழுப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உனக்கு உணவுப் பட்டியல் தந்த அதே பெங்காலி மேடம்தான். இப்போது அலுவலகத்தில் என் மேசைமேல் ஒரு பிளாஸ்க் இருக்கிறது. மூடியைத் திறக்காமலே ஏலக்காய் மணக்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் கதை என்னுடையதைப் போல அல்ல. உனக்குக் குடலிறக்கம். பத்துக் கிலோ இறங்கினால்தான் ஆபரேஷன் என்று கடல் தாண்டி மெயின்லாண்டில் சர்ஜன் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குள் குடல் முறுக்கிக்கொண்டால் ஆபத்து என்றும் சொல்லியிருந்தார். இரண்டாவதை நீ என்னிடம் மட்டும் சொன்னாய்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னை நிற்கிற ஊரில் உனக்குத் தேங்காய் கூடாது என்றார்கள். எண்ணெய் ஒரு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. கப்பல் தாமதமான வாரங்களில் கடையில் சுரைக்காயும் பரங்கிக்காயும்தான். மேலே வானம், சுற்றிலும் கடல், நடுவில் சுரைக்காய். நீ ஹோமியோபதி மருந்து பாட்டிலில் வறுத்த கடுகும் மல்லியும் பொடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தாய். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நீ. ஆனாலும் உன் பெற்றோர் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கொண்டுவந்த சொல்லை விடாமல், மிளகாயைக் கடைசிவரை கொச்சிக்கா என்றே சொன்னாய். அதில் ஒன்றை நறுக்கிப் போட்டுப் பொடியைத் தூவியபடி சொல்வாய்: "நாக்கு நம்ம ஆபீசர் மாதிரிடா. மேலாப்புல கொஞ்சம் தூவிட்டா, உள்ள என்னான்னு பாக்காது."

மேடம் இந்தியில் சொல்லச் சொல்ல, உன் மனைவிக்காகப் பட்டியலைத் தமிழில் எழுதியது நான். மகளின் படிப்புக்காகப் பதினைந்து வருடம் பரமக்குடியில் இருந்துவிட்டு அப்போதுதான் இங்கே டெய்ரி ஃபார்ம் பகுதியில் உன் வீட்டுக்கு வந்திருந்தார், இந்தி தெரியாது. லௌகியைச் சுரைக்காய் என்று எழுதினேன். காலி பேட் என்றதை வெறும் வயிறு என்று எழுதினேன். ஜீரா பானியை மட்டும் ஜீரா தண்ணீர் என்று எழுதினேன். இங்கே இருபத்தெட்டு வருடம் இருந்ததில் எந்தச் சொல் யாருடையது என்பது எனக்கு மறந்துவிட்டிருந்தது.

உன் மனைவி தாளைப் பார்த்துவிட்டு, "ஜீராவாண்ணே?" என்று கேட்டார்.

"ஜீராதாம்மா. நல்லாக் கொதிக்கவச்சு, வெதுவெதுப்பாக் குடு. ஒருநாள்கூட விட்டுறாத."

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் உன் வீட்டுக்கு வந்தபோது எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. பரமக்குடியில் ஜீரா என்றால் குலாப் ஜாமூன் ஊறுகிற சர்க்கரைப் பாகு. அதை நீர்க்கக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார். நான் உன்னைப் பார்த்தேன். தீவில் பிறந்த உனக்கு ஜீரா என்றால் சீரகம் என்று முதல் நாளே தெரிந்திருக்கும். நீ ஜன்னலைப் பார்த்தாய். அவர் உள்ளே போனதும் சொன்னாய்: "பேசாம குடிடா. நாள் பூரா புல்லு திங்கிறேன், வாய்க்கு இது ஒன்னுதான். அஞ்சு மணிக்கே எந்திரிச்சுக் காய்ச்சுறா. தப்புன்னு சொன்னா ஒடஞ்சு போயிருவா."

நான் குடித்தேன். சொல்லவில்லை. அடுத்த பரிசோதனையில் உன் எடை ஒரு கிலோ ஏறியிருந்தது. ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். அப்போதும் சொல்லவில்லை. கடல் அமைதியாக இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை குடல் முறுக்கிக்கொண்டது. இங்கேயே அவசரமாகத் திறந்தார்கள். மூன்றாம் நாள் உன் இதயம் நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு உன் மனைவி என்னிடம் வந்தார். "ஒருநாள்கூட விடலண்ணே. வெறும் வயித்துலதான் குடுத்தேன். நான் எதுவும் தப்பாக் குடுத்துரலயே?"

"இல்லம்மா. சரியாத்தான் குடுத்த."

நீ போனதற்காகக் கொடுத்த வாரிசு வேலையில் இரண்டு மாதமாக நம் அலுவலகத்தில்தான் இருக்கிறார், அட்டெண்டர். இந்தி இன்னும் நான்கு சொற்களைத் தாண்டவில்லை. ஐந்தாவதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் கேண்டீன் பலகையில் ஜீரா ரைஸ் என்று எழுதியிருந்ததை யாரோ அவருக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள். "சோத்துலயுமாண்ணே ஊத்துறாங்க?" என்று கேட்டார். வடக்கே அப்படித்தான் என்றேன். அன்று மாலையே கேண்டீன்காரரைத் தனியே பார்த்து, அந்தச் சோற்றை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டேன். காரணம் கேட்டார். உடல்நலம் என்றேன்.

எனக்கும் அதே பட்டியல் என்று அவரிடம் சொன்னவன் நான்தான். மறுநாளே பிளாஸ்க் வந்தது. என் வீடு இருக்கும் கராச்சர்மாவிலிருந்து பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வந்து சேருகிறேன். அவர் மூடியில் ஊற்றித் தருகிறார். குடித்து முடிக்கும்வரை நிற்கிறார். "அவருக்கும் இப்பிடித்தாண்ணே, ஒரே மடக்கு" என்கிறார். பிளாஸ்க்கைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறேன். மதியம் டப்பாவைத் திறந்து, உன் பாட்டிலில் மீதமிருக்கும் பொடியைச் சுரைக்காய்மேல் தூவுகிறேன்.

சனிக்கிழமை மேடம் எடை பார்த்தார். இரண்டு கிலோ கூடியிருக்கிறது.