மாங்கிளையில் தொங்கும் தொட்டி

1974 ஆகஸ்ட் 11, ஞாயிறு

புழுக்கம். மேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கைப்பம்பில் காலை முழுவதும் வரிசை.

பல்கலைக்கழகத்தின் வேளாண் செய்தி மடல் வந்தது. எங்கள் வார இதழின் விவசாயப் பக்கத்துக்குத் தமிழாக்க வேண்டும். இம்முறை: மண்ணின் ஈரத்தைக் காத்தல் (குடத்தோடு வரிசையில் நின்றபடி படித்தேன்). தென்னையில் வண்டு. பின்பருவ மாம்பழங்கள். ஒட்டுக் கிளையைத் தாய் மரத்திலிருந்து பிரிக்கும் முறை.

ஆறு வருடமாக இந்தப் பக்கம் என் பொறுப்பு. நான் வளர்த்த ஒரே பயிர் துளசி; அதற்கும் நீர் ஊற்றுவது மனைவி கமலா. வாசகர்கள் இருப்பதற்கான தடயம் எதுவும் கிடைத்ததில்லை, மாடியில் குடியிருக்கும் பிலோமினா டீச்சரைத் தவிர. சாந்தோம் பெண்கள் பள்ளியில் தாவரவியல். ஒட்டுக் கட்டுவது பற்றி மே மாதம் எழுதியிருந்தேன். ஜூனில் அதை அப்படியே செய்துவிட்டார். என் வாக்கியத்துக்குக் கீழ்ப்படிந்த முதல் மனிதர். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

செய்தது இது: மாங்கன்று வைத்த மண்தொட்டியைக் கயிற்று உறியில் எங்கள் முற்றத்து மாமரத்தில் தொங்கவிட்டார். கன்றின் தண்டிலும் மரத்தின் இளங்கிளையிலும் பட்டை சீவி, இரண்டையும் சேர்த்து மெழுகுத் துணியால் கட்டினார். தினமும் ஏணியில் ஏறித் தண்ணீர், தம் பங்குக் குடத்திலிருந்து.

காரணம்: மற்ற மாமரங்கள் ஆனியில் ஓய்ந்துவிடும். இது ஆடி கடைசி வரை காய்க்கும். என்ன ரகம், யாருக்கும் தெரியாது. கொட்டை போட்டால் இதே பழம் வராது. ஒட்டு ஒன்றுதான் வழி. மரமோ போகப்போகிறது. சித்திரையில் வீட்டை வாங்கிய அண்ணாச்சிக்கு உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை. முற்றத்தில் கிடங்கு கட்ட வேண்டும். ஆடியில் வேலை தொடங்கக் கூடாது என்பதால் மரம் இன்னும் நிற்கிறது.

இன்றைய மடலின் சேதி: கிளையை ஒரேயடியாக வெட்டினால் ஒட்டு வாடிவிடும். முதலில் பாதி வெட்டு. மூன்று வாரம் கழித்து மீதி. டீச்சரிடம் காட்டினேன். விரல்விட்டு எண்ணினார்.

"ஆடி இந்த வெள்ளிக்கிழமையோட முடியுதே சார்."

ஏணியில் ஏறிப் பாதி வெட்டிவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 14, புதன்

வெயில். செருப்பு வார் அறுந்தது.

மரத்தில் மஞ்சள் நூல்கள். மெழுகுத் துணியின் மஞ்சளையும் தொட்டி ஆடுவதையும் பார்த்து, யாரோ குழந்தைக்கு வேண்டிக்கொண்டு தொட்டில் கட்டியிருக்கிறார்கள் என்று தெருவுக்குப் பட்டிருக்கிறது. ஆடி மாதம் வேறு. அடிமரத்தில் குங்குமம், எலுமிச்சம்பழம், ஒரு சின்ன மரத் தொட்டில். பல்கலைக்கழகம் இவ்வளவு விரைவாக மக்களைச் சென்றடைந்து நான் பார்த்ததில்லை.

கமலாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீயுமா?"

"எல்லாரும் கட்டறாளேன்னு ஒண்ணு கட்டினேன். உங்க பிரமோஷனுக்குத்தான். சித்த சும்மா இருங்கோ."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி இரண்டு. லேசான காற்று.

காலையில் மரம் வெட்ட முனுசாமி வந்தான், கோடரி, கயிறு, ஒரு ஆளுடன். டீச்சர் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். முனுசாமி மரத்தைச் சுற்றி வந்தான். கோடரியைக் கீழே வைத்தான்.

"இன்னா மொதலாளி இது? சாமி மரமா கீது. நம்மளால ஆவாது. எனக்கும் புள்ளகுட்டி கீது."

அண்ணாச்சி வியர்த்தார். போன மாதம்தான் கடையில் கணபதி ஹோமம் செய்தவர். "நேர்ச்சை மரம்னா நானும் தொட மாட்டேன் கேட்டேளா. கிடங்கை வேற எங்கயாச்சும் வச்சுக்கிடுதேன். கட்டினது டீச்சர்தான? அவங்க வரட்டும். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

டீச்சர் வந்தார், தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை. தெருவில் பாதி எங்கள் முற்றத்தில். கமலா அவர் காதோரம், "ஆமான்னுடுங்கோ, முழு மரமும் பொழைக்கும்." நானும் அதையே வேண்டிக்கொண்டேன், நூல் கட்டாததுதான் பாக்கி.

டீச்சர் மரத்தைப் பார்த்தார். அந்தச் சின்னத் தொட்டிலையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாமி இல்லைங்க. இது ஒட்டு. கன்றையும் கிளையையும் சேர்த்துக் கட்டியிருக்கேன், அவ்வளவுதான்."

"ஏம்மா, சும்மா இருந்திருக்கலாமில்ல?" என்றான் முனுசாமி.

"புள்ள வேணும்னு ஒரு பொண்ணு கட்டியிருக்குப்பா. நான் பொய் சொல்லி அது காத்துக்கினு இருந்தா, நாளைக்கு யார் பதில் சொல்றது?"

முழு மரத்தையும் ஒரே வாக்கியத்தில் விட்டுக்கொடுத்தவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. தாவரவியலை இப்படிப் படித்தவர்களையும்.

"அந்த ஒரு கிளை மட்டும் இன்னும் ரெண்டு வாரம் இருக்கணும்," என்றார் அண்ணாச்சியிடம். கேட்டது அவ்வளவே.

அண்ணாச்சி மூக்கைத் தேய்த்தார். "டேய் முனுசாமி, அந்தக் கிளைய விட்டுட்டு மத்தத எடு."

முனுசாமி நூல்களை அவிழ்த்துத் துண்டில் முடிந்து கமலாவிடம் கொடுத்தான். பிறகு வெட்டினான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கால் வலி. இதழில் என் பக்கத்தைப் பாதியாக்கி ஊறுகாய் விளம்பரம்.

முற்றத்தில் ஒரு அடிமரம், ஒரு கிளை, ஒரு தொட்டி. கட்சிச் சின்னம் போல. வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். முழு வெயில் அடிப்பதால் டீச்சர் தம் வெள்ளைச் சேலை ஒன்றை மேலே பந்தலாகக் கட்டியிருக்கிறார்.

மாலையில் காற்று. கிளை சாய்ந்தது. கடையிலிருந்து அண்ணாச்சியே மூங்கில் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். ஜவுளி மூட்டைகள் அவர் வீட்டுக் கூடத்தில் கிடக்கின்றனவாம். "படுக்க இடமில்லலா. எம் பொஞ்சாதி ஏசுதா," என்றார், முடிச்சை இறுக்கிக்கொண்டே.

செப்டம்பர் 1, ஞாயிறு

மூட்டம். நல்லது.

டீச்சர் பூசை முடிந்து வந்ததும் மீதிப் பாதியை வெட்டினார். தொட்டி இறங்கியது. கன்றின் சொந்தத் தலையையும் நறுக்கினார். இனி இந்த வேரில் அந்த மரம். கொட்டிவாக்கத்தில் அண்ணன் நிலத்தில் வைப்பாராம், பிழைத்தால்.

இலை வாடுகிறதா என்று பார்க்க வேண்டும். வாடினால் முடிந்தது, மீண்டும் எடுக்க வேறு கிளை இல்லை. அண்ணாச்சி படியில். கமலா காப்பி கொடுத்தாள். முனுசாமி கோடரியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். மதியம் ஒரு இலை தொங்கியது போலத் தோன்றியது. ஒருவரும் சொல்லவில்லை. டீச்சர் தண்ணீர் தெளித்தார்.

வெளிச்சம் மங்கும்போது இலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். விறைப்பாகவே இருந்தன.

"மீதி மரத்தையும் வெட்டிடுங்க முனுசாமி."

"நீங்க உள்ள போய்டுங்கம்மா."

"இல்லப்பா. நிக்கறேன்."

நின்றார்.