சாட்சி சொன்ன பிறகு

இன்று முட்டை வாங்கி வந்து பிரிட்ஜ் கதவில் அடுக்கினேன். ஓரத்துக் குழியை மட்டும் காலியாக விட்டிருப்பது கதவைச் சாத்தும்போதுதான் தெரிந்தது. நம் மகள் ஜெனியின் இன்சுலின் இருந்த இடம் அது. இந்த பிரிட்ஜை நாம் வாங்கியதே அதற்காகத்தான். இப்போது அவளும் இல்லை, நீங்களும் இல்லை. தயிர் மட்டும் புளிக்காமல் இருக்கிறது.

வெள்ளிமலையில் உபவாச ஜெபம் முடித்து, முதல் பஸ்ஸில் சங்கராபுரம் திரும்பினீர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள்: "கர்த்தர் எங்கிட்ட பேசினாரு. புள்ளைக்கு இனிமே ஊசி வாணாம்னுட்டாரு." ஊசி குத்திக் குத்தி வயிறெல்லாம் தடித்துப்போயிருந்த பிள்ளை, உங்களைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் திரும்பி வர வழி இருந்திருக்கும். அந்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, மகள் சுகமாகிவிட்டாள் என்று சாட்சி சொன்னீர்கள். சபையே கைதட்டியது. நம் சபையில் அப்படித்தான், சுகம் வருவதற்கு முன்பே விசுவாசத்தில் சாட்சி சொல்லிவிடுவார்கள். சொன்ன பிறகு மெடிக்கலில் போய் மருந்து வாங்கினால் கர்த்தரைப் பொய்யராக்கியதாக ஆகிவிடுமாம். பொய்யராகப் பயந்தது அவரில்லை, நீங்கள்.

மறுநாளே அவள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். துணிக்கடியில் நான் ஒளித்து வைத்திருந்த மருந்தைக் கண்டுபிடித்து, தெருச் சாக்கடையில் வீசினீர்கள். "சபைக்கே சாட்சி சொல்லிட்டு ஊசி போட்டா, நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு அங்க போய் உக்கார்றது?" என்றீர்கள். ஜெனி மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் நல்லாதான் இருக்கறன்பா" என்றாள். உங்கள் மனம் கோணக்கூடாது என்று சொன்ன பொய் அது. நீங்கள் ஜெபக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

அடக்கத்தன்று, "கர்த்தர் கூப்புட்டுக்கினாரு" என்றீர்கள். அதையும் அவரே உங்களிடம் சொன்னாராம். உங்களுக்குத் தோதில்லாத ஒரு வார்த்தையை அவர் பேசி நான் கேட்டதில்லை.

போன வருஷம் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. மலைக்கும் போகவில்லை, முழங்காலும் போடவில்லை. "ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுடி, சீக்கிரம்" என்றீர்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்:

"இன்னாங்க, கர்த்தர் இன்னா சொல்றாரு?"

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அப்புறம்தான் போன் பண்ணினேன். வண்டி சீக்கிரமே வந்தது, உங்கள் உயிர்தான் ஆஸ்பத்திரிவரை தாங்கவில்லை. அப்படிக் கேட்டதற்காக எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

நான் இன்னும் சபைக்குப் போகிறேன். என்னிடம் அவர் ஒருநாளும் பேசியதில்லை, பேசச் சொல்லி நானும் கேட்டதில்லை. கண்ணை மூடினால் எனக்கு ஒரே விண்ணப்பம்தான்: ஆண்டவரே, அந்த மனுஷன் உம் முன்னால் வந்து நிற்கும்போது, ஒரு தடவையாவது அவரோடு பேசும். ஜெனியும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.