ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள்

கரமனை, திருவனந்தபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சாய்க்கு, மீரா எழுதுவது.

நானும் ஜானவியும் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். மழை தொடங்கிவிட்டதால் அவளுக்கு நீச்சல் வகுப்பு இல்லை. உங்கள் வக்கீல் நோட்டீஸ் வியாழக்கிழமை வந்தது. ஜானவி இனி உங்களோடுதான் வளர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பதினொரு கலர் போட்டோக்கள். எல்லாம் நம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு.

அதைத் தொடங்கியதே நீங்கள்தான். ஆபீசில் உங்கள் டீமைத் தூக்கி நிறுத்திய அஜைல் முறை வீட்டையும் நிறுத்தும் என்றீர்கள். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று கதவில் மூன்று கட்டம் போட்டீர்கள். காலையில் இட்லி வேகிற நேரத்தில் மூன்று பேரும் நின்றபடியே பேசுவோம். நான் கேலி செய்தேன். ஆனால் பலன் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஜானவிக்கு வாய்ப்பாடு வந்தது, உங்கள் சர்க்கரை இறங்கியது. வாரத்துக்கு ஒரு சின்ன மாற்றம் போதும் என்பது எனக்கே பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ரெட்ரோ, வாரத்தைத் திரும்பிப் பார்க்கிற கூட்டம். அந்த வாரம் எது சரியாக வரவில்லை என்று ஆளுக்கொரு சீட்டு. உண்மையைத்தான் எழுத வேண்டும், யாரும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது, சீட்டு இந்த வீட்டைத் தாண்டாது. வாராவாரம் இந்த விதியை வாசித்தது யார்? வாசித்துவிட்டுப் போட்டோ எடுத்தது யார்? பழசைப் பார்த்தால்தான் முன்னேற்றம் தெரியும் என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

அப்பா இறந்த மாதம், எங்கேயாவது போய்விடத் தோன்றுகிறது, ஜானவி கூப்பிட்டால்கூட எரிச்சல் வருகிறது என்று எழுதினேன். நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். 'மீரா டாக்டரைப் பார்ப்பது' என்று புதுச் சீட்டு ஒட்டினீர்கள். போனேன். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், சரியாயிற்று. அந்தச் சீட்டு 'முடிந்தது' கட்டத்துக்குப் போன அன்று கை தட்டினீர்கள். நோட்டீஸில் அதற்குப் பெயர் மனநோய். கோபத்தில் நீங்கள் தட்டை வீசியதை நீங்களே எழுதிய சீட்டைத் தேடினேன். பதினொன்றில் உங்கள் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. துரோகம் பெரிய வார்த்தைதான், எனக்கு வேறு கிடைக்கவில்லை.

என் வக்கீல் ஷாலு, 'சேச்சி, எழுதியது நீங்க இல்லைன்னு சொல்லிடலாம்' என்றாள். முடியாது என்றேன். எழுதியது நான்தான். கோர்ட்டிலும் அதையே சொல்வேன்.

ஒன்பதாவது போட்டோ ஜானவியின் சீட்டு. 'அம்மா அழும்போது எனக்குப் பேடியா இருக்கு.' பயம் என்பதற்கு அவளுக்கு மலையாளம்தான் வரும். நான் கவனிக்காத நேரத்தில் மேஜையில் அதைப் பார்த்துவிட்டாள். மத்தியானம் சாப்பிடவில்லை. ஞான் எழுதினது கொண்டா, அதனாலயா என்னை அப்பாகிட்ட அனுப்பறது என்று கேட்டாள். இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். இனிமேல் யார் கேட்டாலும் எல்லாம் நல்லாயிருக்குன்னே சொல்றேன் அம்மா என்கிறாள். எட்டு வயது, சாய்.

என் சீட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள், நீதிபதி எப்படி வேண்டுமானாலும் படிக்கட்டும். அவளுடையதை மட்டும் எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு, ஒரு தடவை போன் செய்து, உண்மையை எழுதியதில் தப்பில்லை என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீரா