சுவரோடு மடங்கும் கட்டில்

ஒத்தக்கடையில் மரக்கடை வாசலில் பேருந்து நின்றபோது, அறுத்துப் போட்ட பைன் பலகையின் வாசனை சன்னல் வழியே வந்தது. உன் விளாங்குடி வீட்டின் வாசனை. நீ போன பிறகு இன்றுதான் அதை மறுபடி முகர்ந்தேன்.

கணவரைப் பிரிந்து, ஸ்வீடனிலிருந்து மகளோடு நீ திரும்பியபோது, மாடியறையை ஒழித்துத் தருவதாக உன் அண்ணன் சொன்னார். நீயோ ஒரு ஹாலும் அடுப்படியும் மட்டுமே உள்ள வீட்டை வாங்கினாய்.

"அங்க இருந்தா எம்மக எல்லாத்துக்கும் அனுமதி கேட்டே வளருவாடி. வேணாம்."

அந்தக் குளிர்நாட்டுச் சின்ன வீடுகளில் பார்த்ததையெல்லாம் மனதில் வைத்திருந்தாய். சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, பகலில் மேசை, இரவில் படுக்கை என்று காட்டினாய். கோட்டுக்குள் படுத்துப் பார்த்தோம். என் கால் அடுப்படிக்குள் நீண்டது. சிரித்துக்கொண்டே அழித்து, வேறு கோடு போட்டாய். அங்கே வெளிச்சத்துக்கு ஏங்கி வெள்ளையடிப்பார்களாம்; நீ நம் ஊர் வெக்கைக்காக அடித்தாய். கம்பளத்துக்குப் பதில் பத்தமடைப் பாய் விரித்தாய்.

பைன் பலகையை அறுத்துக்கொண்டிருந்த ஆசாரிதான் தயங்கினார். "கட்டில சுவத்துல மாட்டுனா ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும்ணே. நின்னு சிரிக்கவாச்சும் இடம் இருக்கும்ல."

பால் காய்ச்சிய அன்று அண்ணன் குடும்பம் மொத்தமும் வந்தது. "இம்புட்டுப் பேரும் எங்குட்டு உக்கார்றது?" என்று அவர் வாசலிலேயே நின்றார். நீ கட்டிலைச் சுவரோடு மடக்கினாய். மேசையையும் மடக்கிவிட்டு, ஹாலை இரண்டாக்கியிருந்த நகரும் தடுப்பை ஓரமாகத் தள்ளினாய். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிளம்பும்போது உன் அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்கப்பா. நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

ஊர் திரும்பிய பிறகு நீ அழுது அன்றுதான் பார்த்தேன்.

பின்னாளில் உனக்கு வந்த நோய் முற்றியதும் தடுப்பை முழுக்கத் திறந்து வைக்கச் சொன்னாய். மகள் படிப்பதும் அம்மா அரிசி களைவதும் படுக்கையிலிருந்தே தெரிய வேண்டும் உனக்கு. கொஞ்சம் கண்ணை மூடு என்றேன். "மூடத்தான போறேன். இப்பப் பாத்துக்கிறேன்" என்றாய்.

போன வாரம் என் மகள் பெங்களூரிலிருந்து போனில் அழுதாள். கைக்குழந்தையோடு வந்துவிட வேண்டுமாம். "அங்க எனக்கு இடம் இருக்குமாம்மா?"

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவதற்குள், "கெளம்பி வா" என்று சொல்லிவிட்டேன்.

இன்று வீடு திரும்பியதும் ஹாலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன். யோசனை கேட்க நீ இல்லை. அலமாரியின் ஒரு முனையைப் பிடித்து நானே இழுக்கத் தொடங்கினேன்.