கேள்வி கேட்காத காவல்

அன்புத் தம்பிக்கு,

அப்பாவின் கணினியில் நீ போட்டுக் கொடுத்த ஃபயர்வால் பாதுகாப்பு மென்பொருளை நேற்று எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. எதற்கெடுத்தாலும் அது "இதை அனுமதிக்கலாமா?" என்று திரையில் கேட்கும். உடனே அப்பா உனக்குப் போன் போடுவார். பக்கத்து அறையில்தான் நான் இருக்கிறேன். நான் பிழைப்பதே கணினியில்தான். "எங்கிட்ட கேக்கலாமேப்பா" என்றால், "உனக்கு எதுக்கும்மா தொந்தரவு, அவன் பாத்துப்பான்" என்பார். அப்புறம் முக்கால் மணி நேரம் சிரிப்புச் சத்தம். ஃபயர்வாலில் அப்படி என்னடா சிரிப்பு?

மாத்திரை, கண் மருந்து, நகம் வெட்டுவது எல்லாம் நான். அனுமதி கொடுப்பது மட்டும் நீ.

அதனால் ஒரு வாரம் தேடி, எதையும் கேட்காமல் தானே பார்த்துக்கொள்ளும் எளிய மென்பொருளாகப் போட்டேன். வயதானவருக்கு அதுதான் நல்லது. உனக்கும் தொல்லை இல்லை பார்.

இன்று காலையிலிருந்து அப்பா திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியம் என்னைக் கூப்பிட்டார். அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன்.

"இது ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதும்மா. கெட்டுப்போச்சு போல. தம்பிக்குப் போன் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருவரும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உன் அக்கா