எலுமிச்சை மணத்த கழிவுநீர்

அனுப்புநர்:
உரிமையாளர்,
வெள்ளைத்துணிச் சலவையகம்,
கதவு எண் 14, பின்சந்து.

பெறுநர்:
உதவிச் செயற்பொறியாளர் அவர்கள்,
கழிவுநீர் வெளியேற்ற அனுமதிப் பிரிவு,
நகரக் கழிவுநீர் வாரியம்.

பொருள்: சலவையகக் கழிவுநீரைப் பொதுச் சாக்கடையில் விட அனுமதி மறுக்கப்பட்டது – மாதிரி எடுத்ததில் நேர்ந்த பிழை – மீண்டும் மாதிரி எடுக்கவும், அதுவரை இணைப்பை அடைக்காதிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக மறுப்பு ஆணை, நாள் ஜூன் 6.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், நான் முதலில் செய்த காரியம் எங்கள் கடையின் பின்சந்தில் உள்ள சோதனைத் தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கி உள்ளே பார்த்ததுதான். எங்கள் இயந்திரங்களின் தண்ணீர் பொதுச் சாக்கடையில் சேருமுன் கடந்து போகும் தொட்டி அது. தங்கள் அலுவலகத்தினர் மாதிரி எடுப்பதும் அதிலிருந்துதான். உள்ளே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றது. ஓரங்களில் நூல் பிசிறு படிந்திருந்தது. விளிம்பில் யாருடைய சட்டைப் பொத்தானோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய சோப்பும் அழுக்கும் சேர்ந்த வாசனை குப்பென்று வந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. சாக்கடைத் தொட்டி அழுக்காக இருப்பதைப் பார்த்து ஒருத்தி ஏன் மகிழ வேண்டும் என்பதைத் தங்களுக்கு விளக்கவே இந்த மனு.

2. இந்தச் சலவையகம் பத்தொன்பது ஆண்டுகளாக நடக்கிறது. மூன்று பெரிய வாஷிங் மெஷின்கள், ஓர் உலர்த்தி, இரண்டு இஸ்திரி மேசைகள். பக்கத்துப் பிரசவ மருத்துவமனையின் விரிப்புகளும் பல் மருத்துவரின் துண்டுகளும் எங்களிடம்தான் வருகின்றன. முன்மேசையும் விண்ணப்பங்களும் என் பொறுப்பு. இஸ்திரி என் கணவர் பொறுப்பு. அவர் பெட்டியைக் கையில் எடுத்தால் பேசமாட்டார். கீழே வைத்துவிட்டாலும் பெரிதாகப் பேசிவிட மாட்டார். இயந்திர அறை என் கணவரின் அக்காவுடையது. நானும் அவரை அக்கா என்றே அழைக்கிறேன். ஐம்பத்தெட்டு வயது. எதிரே வருகிறவரின் சட்டைக் காலரைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்.

3. பொதுச் சாக்கடையைப் பயன்படுத்தும் தொழிலகங்கள் எல்லாம் அனுமதி பெற வேண்டும் என்ற அறிவிப்பு வந்ததும், கெடுவுக்கு முன்பே விண்ணப்பித்தோம். தங்கள் வாரியத்தின் கையேட்டில் கண்டபடி பிசிறு வலை பொருத்தினோம். சூடான நீரை ஆறவிட ஒரு சிறு தொட்டியும் கட்டினோம். இரண்டு வேலைகளையும் செய்தவர் எங்கள் தெருவில் எல்லோரும் ‘வால்வு’ என்று அழைக்கும் குழாய் மேஸ்திரி. வேலை ஒழுங்கான வேலை. அவரைப் பற்றிப் பின்னால் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருப்பதால் இதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

4. மாதிரி எடுக்க வருவதை ஒரு நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பது தங்கள் விதி. அதன்படி மே 26 மதியம் தொலைபேசி வந்தது. நான் உள்ளே போய், “நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸ்லேர்ந்து வர்றாங்களாம், நம்ம தண்ணிய எடுத்துப் பாக்க” என்றேன். அக்கா கையிலிருந்த விரிப்பை அப்படியே விட்டுவிட்டார். “நம்ம தண்ணியவா? அய்யய்யோ, அது அழுக்கா இருக்குமே!”

இந்த வழக்கின் மூலகாரணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

5. மறுநாள் காலை ஆறு மணிக்கே அக்கா மூன்று இயந்திரங்களையும் நிறுத்திவிட்டார். விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றனவே என்று கேட்டதற்கு, “வர்ற மனுஷன் முன்னாடி அழுக்குத் தண்ணிய ஓட விடறதா? நல்லாருக்கே கதை!” என்றார். கொக்கியை மாட்டித் தொட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளிருந்ததை வாளியால் இறைத்தார். அரைக் கிலோ சலவை சோடா தூவி, ஒரு பாட்டில் பிளீச்சிங் திரவம் ஊற்றி, நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் நான்கு சுவரையும் தேய்த்தார். பிளீச் வாசனை மூக்கைத் துளைக்கிறது என்று கடைசியில் எலுமிச்சை மணமுள்ள திரவ சோப்பையும் சேர்த்து நல்ல தண்ணீரால் நிரப்பினார். என் கணவர், வரும் அலுவலர் கை துடைப்பதற்காக ஒரு துண்டை இஸ்திரி போட்டு நான்காக மடித்து வைத்தார். நான் பின்சந்தைப் பெருக்கினேன். யோசித்துப் பார்த்தால், நாங்கள் மூவரும் ஒரு விருந்தாளிக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம்.

6. தங்கள் அலுவலர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். மூடியைத் திறந்தவர் சற்று நேரம் குனிந்தே நின்றார். “இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தொட்டிய நான் பாத்ததே இல்லம்மா” என்றார். “நல்லா பாருங்க சார், மூலையிலகூட ஒண்ணும் இருக்காது” என்றார் அக்கா. அலுவலர் இரண்டு பாட்டில்களில் மாதிரி எடுத்து, சீட்டு ஒட்டி, துண்டில் கை துடைத்து, காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர்மீது எனக்கு மனக்குறை ஏதுமில்லை. தினமும் அந்த வாசனையிலேயே வேலை செய்கிறவருக்கு அன்று ஒரு நாள் நிம்மதி. ஆனால் கையேட்டின் பதினோராம் பக்கம், தொழில் நடந்துகொண்டிருக்கும்போதுதான் மாதிரி எடுக்க வேண்டும் என்கிறது. இயந்திரங்கள் ஓடுகின்றனவா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அடுத்த சில நாட்கள் துணி கொடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் அக்கா அந்த இருபத்திரண்டு வருஷ சர்வீஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். பல் மருத்துவர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

7. ஜூன் 6 ஆணையுடன் ஆய்வக முடிவும் வந்தது. காரநிலை (pH) 11.4, அனுமதிக்கப்பட்ட உச்சம் 9. குளோரின் வரம்புக்குப் பல மடங்கு மேல். நூல் பிசிறு: இல்லை. அழுக்கு: இல்லை. வாசனை என்ற இடத்தில் யாரோ நேர்மையானவர் ‘எலுமிச்சை’ என்று எழுதியிருக்கிறார். குழாய்களை அரிக்கும் திரவத்தை வெளியேற்றுவதாகக் கூறி அனுமதி மறுக்கப்பட்டது. பதினைந்து நாட்களில் இணைப்பு அடைக்கப்படும் என்றும் எச்சரிக்கப்பட்டுள்ளது.

ஐயா, பிசிறே இல்லாத கழிவுநீரை எந்தச் சலவையகமும் விட முடியாது. அந்தப் பாட்டிலில் இருந்தது எங்கள் கழிவுநீர் அல்ல என்பதற்குத் தங்கள் ஆய்வக முடிவே சாட்சி. அதில் இருந்தது எங்கள் அக்காவின் மரியாதை.

8. நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். சோடாவும் பிளீச்சும் காரத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்று காலை துடைப்பத்துடன் அக்காவுக்கு நான்கு அடி தள்ளி நின்று அனைத்தையும் பார்த்தேன். என் மூளையில் படித்தவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. வீடு சுத்தமாகும்போது அதை ஏன் தடுக்க வேண்டும் என்ற பழக்கம் பட்டத்தைவிட மூத்தது போலிருக்கிறது. ஆகவே இதில் அக்காவின் பங்குக்குக் குறையாத பங்கு எனக்கும் உண்டு.

9. ஆணை வந்த அன்று அதில் என்ன இருக்கிறது என்று அக்கா என் கணவரிடம் கேட்டார். அவர் தம் வழக்கப்படி சுருக்கமாக, “பாஸ் ஆகல” என்றார். “நான் அப்பவே நெனச்சேன். அடியில இன்னொரு தடவ தேய்ச்சிருக்கணும்” என்றார் அக்கா. மறுநாளிலிருந்து ஐந்து நாட்கள், தினமும் காலையில் சோடா, பிளீச், பிரஷ். விண்ணப்பித்தபோது நாங்கள் செய்யாத குற்றத்தை, மறுக்கப்பட்ட பின்பு ஒரு நாள்கூடத் தவறாமல் செய்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

10. ஆறாம் நாள், அதாவது ஜூன் 12 அன்று, மூடி தூக்கும் கொக்கியை நான் ஒளித்து வைத்தேன். இப்போது அது என் கைப்பையில், குடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அக்கா கடை முழுவதும் தேடிவிட்டு, “வால்வுதான் எடுத்துட்டுப் போயிருப்பான். அவன் வந்துட்டுப் போனா வீட்ல ஒரு சாமான் குறையும்” என்று முடிவு செய்தார். வால்வு நேரில் வந்து, “என் பையக் கொட்டிப் பாருங்கக்கா! என்கிட்ட இதவிட நல்ல கொக்கி நாலு இருக்கு” என்றார். கொட்டியும் காட்டினார். உண்மையிலேயே நான்கு இருந்தன. அப்போது நான் அருகில் நின்று துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். இந்த மனுவின் மூலம் அந்த மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நேரிலும் கேட்பேன். கொக்கி இல்லாத இந்த மூன்று நாட்களில்தான் தொட்டி தன் இயல்புக்குத் திரும்பியிருக்கிறது. காலையில் எனக்கு மனம் நிறைந்த காரணம் இதுவே.

11. உண்மையை அக்காவிடமே சொல்லிவிட்டால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு அக்கா தம் வீட்டை விட்டு இரண்டு பைகளுடன் எங்களிடம் வந்தார். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை, “சும்மா உக்காந்து சாப்பிட எனக்கு வராதும்மா” என்று சொல்லிவிட்டு இயந்திர அறைக்குள் போனவர்தான். அன்றிலிருந்து அந்த அறையில் ஒரு விரிப்புகூடக் கறையோடு வெளியே வந்ததில்லை. அந்த இரண்டு பைகளையும் துவைத்து மடித்து அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறார். இணைப்பு அடைக்கப்பட்டால் இயந்திரம் ஒன்றுகூட ஓடாது. கடையை மூட வேண்டியதுதான். வேறு தொழில் தேடிக்கொள்ள எனக்கும் என் கணவருக்கும் கை கால் இருக்கிறது. ஆனால் தம் கையால்தான் கடை மூடிப்போனது என்று தெரிந்தால், அக்கா யாரிடமும் எதுவும் சொல்லாமல் அந்தப் பைகளைக் கீழே இறக்கிவிடுவார். ஐயா, என் பயம் அது ஒன்றுதான். சாக்கடை வாரியத்திடம் சொல்லக்கூடிய பயம்தானா இது என்று தெரியவில்லை. ஆயினும் தங்கள் ஆணையால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

12. ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்வதாவது:

(அ) மே 27 அன்று எடுத்த மாதிரி, தொழில் நடக்காத நேரத்தில், கழுவிய தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டதால், அதை ரத்து செய்ய வேண்டும்.

(ஆ) இயந்திரங்கள் ஓடும்போது மறு மாதிரி எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி உகந்தது. மருத்துவமனை விரிப்புகள் துவைக்கும் நேரம். எங்கள் தண்ணீர் அதன் முழு உண்மையோடு ஓடும். முன்னறிவிப்பு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன். அதற்கான ஒப்புதலில் கையெழுத்திட்டு இணைத்துள்ளேன். தயவுசெய்து சொல்லாமல் வாருங்கள். கொக்கியைத் தாங்களே கொண்டுவருவது நல்லது.

(இ) அதன் முடிவு வரும்வரை இணைப்பை அடைப்பதை நிறுத்திவைக்க வேண்டும். கெடு முடிய ஆறு நாட்களே உள்ளன.

(ஈ) இது குறித்துக் கடைக்குத் தொலைபேசியில் எதுவும் சொல்ல வேண்டாம். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிடுவார்.

13. கடைசியாக ஒரு திருத்தம். விண்ணப்பத்தின் ஒன்பதாம் பக்கத்தில் ‘கழிவுநீர்ப் பொறுப்பாளர்’ என்ற இடத்தில் முன்பு என் கணவரின் பெயரை எழுதியிருந்தேன். அவர் அந்தத் தொட்டியை இன்றுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. குடும்பத் தலைவர் என்பதால் கை தானாக எழுதிவிட்டது. திருத்திய பக்கத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் அக்காவின் பெயரை எழுதியிருக்கிறேன். அனுமதி கிடைத்தால், பொறுப்பாளர் தங்கள் அலுவலகத்தில் அரை நாள் பயிற்சிக்கு வர வேண்டும் என்றும், அனுமதிப் பத்திரத்தை அவர் பெயருடன் கடையின் முன்சுவரில் மாட்ட வேண்டும் என்றும் கையேடு சொல்கிறது. அந்தப் பயிற்சியில், மாதிரி எடுக்கும் முன் தொட்டியைக் கழுவக் கூடாது என்பதைத் தங்கள் அலுவலர் பொதுவாக எல்லோருக்கும் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். யாரையும் பார்த்துச் சொல்ல வேண்டாம். அக்கா அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்வார். கடைக்குத் திரும்பி வந்து, எங்கள் இருவரையும் எதிரே நிற்கவைத்து, “உங்களுக்கெல்லாம் ஒண்ணும் தெரியல, கேளுங்க” என்று ஆரம்பிப்பார். அப்போது முதல் முறையாகக் கேட்பவள் போல நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். கொக்கியையும் அன்றே அவர் கையில் கொடுத்து, எடுத்தவள் நான்தான் என்று சொல்லிவிடுவேன். பெயர் மாற்றியதையோ இந்த முடிவையோ என் கணவரிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை. முதலில் அறிபவர் தாங்கள்தான்.

தங்கள் அலுவலரின் வருகையை, எப்போது என்று தெரியாமலேயே, எதிர்பார்த்திருக்கும்,

(கையொப்பம்)
உரிமையாளர்,
வெள்ளைத்துணிச் சலவையகம்

நாள்: ஜூன் 15
இடம்: கடையின் முன்மேசை

இணைப்பு: ஆய்வக முடிவின் நகல், முன்னறிவிப்பின்றி மாதிரி எடுக்க ஒப்புதல், திருத்திய ஒன்பதாம் பக்கம்.