கத்தரிப்பூ நிறத்தில் ஓர் அடுக்கு

அன்புள்ள செலின் அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். செத்தவளுக்கு எழுதும்போதுகூட அடித்துத் திருத்த வேண்டுமா என்று அப்படியே விட்டுவிட்டேன். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

முதலில் ஊர்ச் செய்தி. அஸ்தினாபுரத்தில் உன் தெருமுனையில், மஞ்சள் போர்டு வைத்து எஸ்.டி.டி. பூத் வந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் கேபிள் இழுத்துவிட்டார்கள். அத்தான் தானே சமைத்துக்கொள்கிறார். ரசம் வைக்கிறார், வாயில் வைக்க முடியவில்லை. உன் அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் உன் மெழுகுவர்த்தியைப் பற்றித்தான் பேசினார்கள். "செலின் கைராசி யாருக்கு வரும்" என்று ஒரு பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள். நீ செய்த தூண் மெழுகுவர்த்தி ஒன்று அவள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறதாம், எரிக்க மனசு வரவில்லையாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த மெழுகு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குச் சொல்லட்டுமா?

சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அதைத் தூக்கி வெளியே போட்டிருப்பாள். நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காவது நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கல்லறைத் திருநாள் வந்தால் மற்றவர்களுக்குத் துக்கம், உனக்குத் திருவிழா. ஊரே தாம்பரத்துக் கல்லறைத் தோட்டத்தில் கூடி, வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றும். நவம்பர் மாசம், பாதி எரிவதற்குள் மழை வந்து அணைத்துவிடும். எல்லாரும் வானத்தைத் திட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். நீ மட்டும் சிரித்துக்கொண்டு நிற்பாய். மழை பெய்தால்தானே மீந்துபோகும் மெழுகு உனக்குக் கிடைக்கும்? மறுநாள் காலையில் சாக்கோடு போய் வாட்ச்மேன் முன்னால் நிற்பாய்.

ஒரு தடவை என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "இன்னாக்கா, நேத்து செம மழ. இந்த வாட்டி நெறைய கீது, எடுத்துக்கினு போ" என்றான் அவன். நீ சாக்கின் வாயை விரித்துப் பிடி என்றாய்.

"அக்கா, இதெல்லாம் யாரோ அவங்க செத்தவங்களுக்கு ஏத்தினது."

"ஏத்திட்டாங்க இல்ல? ஜெபம் மேல போயிடுச்சு, மெழுகு கீழ கிடக்குது. மெழுகுக்கு என்னடி, ஆத்துமாவா இருக்கு? நல்லா பிடி."

உன்னிடம் பேசி யார் ஜெயிக்க முடியும்?

வீட்டுக்கு வந்ததும் உன் அட்டகாசம் ஆரம்பிக்கும். பம்ப் ஸ்டவ்மேல் அண்டாவில் வெந்நீர், அதற்குள் மெழுகுப் பாத்திரம். உருகினதும் அத்தானின் பழைய வேட்டியில் வடிகட்டுவாய். கருகின திரி, மண், சாமந்தி இதழ் எல்லாம் துணியில் நிற்கும். எத்தனை வடித்தாலும் அந்த மெழுகு பளிச்சென்று வராது. என்ன சாயம் போட்டாலும் ஓர் அழுக்கு அதில் இருந்துகொண்டே இருக்கும். அதை மறைக்கத்தான் நீ அந்தத் தந்திரத்தைப் பிடித்தாய். சூடாக ஊற்றாமல் ஆறவிட்டு, மேலே ஆடை படரும்போது கிளறி, கூழாக ஊற்றினாய்.

வீட்டில் தண்ணீருக்குப் போர் போட்டபோது மிஞ்சிய பிளாஸ்டிக் பைப்பை நெடுக்காக அறுத்து, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டி, அடியில் கோதுமை மாவை அப்பி, உள்ளே தேங்காய் எண்ணெய் தடவினால் அதுதான் உன் அச்சு. ஒரு நிறம் ஊற்றி, விரல் வைத்தால் பதிய வேண்டும், ஒட்டக் கூடாது என்கிற பதத்தில் அடுத்த நிறம். முந்தினால் இரண்டும் கலங்கிவிடும், பிந்தினால் அடுக்கு தனியாகக் கழன்று கையோடு வந்துவிடும். அச்சைப் பிரித்தால் தூண் மாதிரி கனமான மெழுகுவர்த்தி, மேலெல்லாம் மாவு பூத்தாற்போல் சொரசொரப்பு. "பாறை மாதிரி என்ன அழகு, என்ன இயற்கை" என்று குரோம்பேட்டைக் கடைக்காரர் கேட்டுக் கேட்டு வாங்கினார். அந்தச் சொரசொரப்பு கல்லறை மண்ணை மறைக்கப் போட்ட வேஷம் என்று நான் சொல்லியிருந்தால், தங்கச்சிக்குப் பொறாமை என்றிருப்பார்கள்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பிறகு அம்மா போய்விட்டாள்.

அந்த வருஷம் அம்மாவுக்குக் கடை மெழுகுவர்த்தி வாங்கிப் போக எனக்கு மனசில்லை. பண்டிகை என்றால் அம்மா எடுத்துக் கட்டுவாளே, அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலை? அந்த நிறம் வரும்வரை க்ரேயானைச் சீவிச் சீவிக் கலந்து, ஒரு தகர டப்பாவில் ஊற்றிக் கட்டையாக ஒன்று செய்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் சாக்கு மெழுகும் இல்லை, புதிதாக வாங்கினது. நடுவில் குழி விழுந்து கோணலாகத்தான் வந்தது. ஏற்றிவிட்டுத் திரும்பினேன், மழை பிடித்துக்கொண்டது.

டிசம்பரில் அதிரசம் சுட உன் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் நியூஸ்பேப்பர் விரித்து உன் தூண்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் மட்டும், மேலிருந்து இரண்டாவது அடுக்கு, கத்தரிப்பூ நிறம். நல்ல கனமான அடுக்கு.

"இந்தக் கலர் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஏன், நல்லா இல்லையா?" என்றாய். அப்புறம் பாகு முறுகிவிடும் என்று சமையல்கட்டுக்குப் போய்விட்டாய்.

கிறிஸ்துமஸ் அன்று அதே தூணைச் சாப்பாட்டு மேஜை நடுவில் ஏற்றி வைத்தாய். அத்தானின் ஆபீஸ்காரர்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலடுக்கு உருகி உருகிக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் தட்டைத் தொடாமல் இருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து திரியைக் கையாலேயே நசுக்கி அணைத்துவிட்டு, தூணைத் தூக்கினேன். சூட்டு மெழுகு என் கையிலும் மேஜை விரிப்பிலும் கொட்டியது. "அம்மா கல்லறையில கை வச்சவ வீட்டுல எனக்குச் சோறு இறங்காது" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீ அவரைக் கையமர்த்தினாய். "எடுத்துக்கிட்டுப் போடி" என்றாய். அவ்வளவுதான்.

அதோடு முடிந்தது. கோயிலில் நீ இடப்பக்கம் உட்கார்ந்தால் நான் வலப்பக்கம். குரோம்பேட்டை ஸ்டேஷனில் நீ லேடீஸ் பெட்டியில் ஏறினால் நான் அடுத்த வண்டிக்கு நின்றேன். என் பிள்ளைகளுக்குப் பெரியம்மா முகம் மறந்தே போய்விட்டது. உனக்கு முடியவில்லை என்றுகூட எனக்குத் தெரியாது. எமிலிக்குச் சொல்லாதே என்று அத்தானிடம் சத்தியம் வாங்கினாயாமே? எத்தனை திமிர் உனக்கு.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த பிறகுதான் அத்தான் வாயைத் திறந்தார்.

"எமிலி, அம்மாவுக்கு நீ மெழுகுவர்த்தி ஏத்தின அன்னிக்கு, நீ கெளம்பினதும் அவ மழையில திரும்ப உள்ள போனா. உன் மெழுகுவர்த்திய மட்டும் எடுத்து முந்தானையில சுத்திக்கிட்டு வந்தா. காலைல வாட்ச்மேன் எல்லாத்தையும் வாரி சாக்குல போட்டுடுவான், அப்புறம் எங்கம்மாவுக்கு ஏத்தினது யார் வீட்டுக்கோ போயிடும்னு சொன்னா. கிறிஸ்துமஸுக்கு அம்மா நம்ம மேஜையில இருக்கட்டும்னுதான் அதை ஏத்தினா."

அத்தானைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, சமாதானத்துக்காக எந்தப் பொய்யும் சொல்லுவார். நம்பாமல்தான் வீட்டுக்கு வந்தேன். பீரோமேல் துணி சுற்றி வைத்திருந்த அந்தத் தூணை இறக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. நீ ஒரு நிறத்தைக் காய்ச்சினால் வரிசையாக எல்லா அச்சிலும் ஊற்றிக்கொண்டே போவாய். ஒன்றுக்கு மட்டும் என்று நீ எந்த நிறத்தையும் காய்ச்சினதில்லை. அன்று அத்தனை தூணில் ஒன்றே ஒன்றில்தான் கத்தரிப்பூ. நான் செய்தது மொத்தமும், விற்கிற தூண் எதிலும் கலக்காமல், அந்த ஓர் அடுக்கில் இருந்தது. அத்தான் சொன்னது நிஜம்தான்.

நிஜமென்றால்? உடனே உன் காலில் விழுந்துவிட வேண்டுமா? எனக்குக் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது, அக்கா. நீ திருடியிருந்தால்கூட என்றைக்காவது மன்னித்திருப்பேன். "அம்மாவுக்காக எடுத்தேன்டி." இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வலித்ததா? வாட்ச்மேனிடம் மணிக்கணக்கில் பேசுவாய், கடைக்காரரிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவாய். என்னிடம் மட்டும் என்ன ரோஷம்? நானாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தாயா? கேட்டேனே, கூடத்தில் நின்று நேருக்கு நேராகக் கேட்டேனே? எனக்கு இருந்ததே ஓர் அக்கா. அவளையும் நீயே என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய்.

தோட்டத்தில் இடமில்லை என்று அம்மாவின் குழியைத் திறந்து அதிலேயே உன்னை வைத்துவிட்டார்கள். அங்கேயும் அம்மா பக்கத்தில் நீதான். இனி அம்மாவுக்கு ஒன்று ஏற்ற வேண்டுமென்றால் உனக்கும் சேர்த்துத்தான் ஏற்றியாக வேண்டும்.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு வருவேன். மேலடுக்கு உருகின அந்தத் தூணைக் கொண்டுவந்து உங்கள் இரண்டு பேர் தலைமாட்டிலும் வைத்து ஏற்றுவேன். கத்தரிப்பூ அடுக்கு எரிந்து தீரும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். அது எரிகிற நேரம் முழுக்க, அம்மா கேட்கக் கேட்க, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றுதான் உன்னிடம் கேட்டுக்கொண்டிருப்பேன். அடுத்த வருஷமும் வந்து கேட்பேன். நீ பதில் சொல்ல மாட்டாய். உயிரோடு இருந்தபோதே சொல்லாதவள்தானே.

இன்னும் உன்னோடு பேச்சுவார்த்தை இல்லாத,
உன் கூடப் பிறந்தவள்,
எமிலி